இடுப்பிலா, பையிலா? மடக்குக் கத்திக்காரர்களுக்கு ஒரு கையேடு

பாடி மேம்பாலத்துக்கு மேற்கே, பட்டாபிராமுக்குக் கிழக்கே, பூந்தமல்லிக்கு வடக்கே குடியிருந்து, கையில் ஒரு பல்வேலை மடக்குக் கத்தியும் வந்து சேர்ந்துவிட்டவர்களுக்காக இந்தக் கையேடு எழுதப்படுகிறது. கத்தி வந்த வழி பெரும்பாலும் ஒன்றுதான். ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மைத்துனர் லீவில் வந்தார். பிள்ளைகளுக்கு சாக்லேட், மாமியாருக்கு மூட்டுவலித் தைலம், உங்களுக்கு இது. சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்டது. அல்லது முழுக்க எஃகாலானது, விரித்தால் குறடாகிறது. அன்று மாலை வீட்டிலிருந்தவர்கள் வரிசையாக ஒவ்வோர் அலகையும் நகத்தால் இழுத்துப் பார்த்தார்கள். "இது எதுக்குடா?" என்று மாமியார் கேட்டபோது, பாதி அலகுகளுக்குக் கொண்டுவந்த பிள்ளையிடமே பதில் இல்லை. மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போதுதான் மெய்யான கேள்வி எழுகிறது. இதை எங்கே வைப்பது?

இந்தக் கேள்விக்கு மேல்நாட்டில் வண்டி வண்டியாக எழுதியிருக்கிறார்கள். பெல்ட்டில் உறை, பாக்கெட் ஓரத்தில் கிளிப், ஜாக்கெட்டின் உள்பை என்று விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். எழுதியவர்கள் எல்லாரும் குளிர்நாட்டுக்காரர்கள். சொந்தக் காரில் போய், நாற்காலியில் உட்கார்ந்து, நாற்காலியிலேயே எழுந்தவர்கள். மே மாதத்தில் காட்டன் சட்டையோடு ஆவடி லோக்கலில் தொங்கிக்கொண்டு, பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சம்ப்பில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குப்புறக் குனிந்து பார்க்கிற மனிதனைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் குறையைத் தீர்ப்பதே நோக்கம்.

முதலில் பொருளின் பூர்வீகம். சுவிஸ் ராணுவம் 1889-இல் ஒரு புதிய துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதைக் கழற்றி மாட்டத் திருப்புளி வேண்டும். சிப்பாய்க்கு வரும் சாப்பாட்டுத் தகரடப்பாவைத் திறக்கவும் ஏதாவது வேண்டும். எல்லாம் ஒரே பிடியில் அடங்கட்டும் என்று 1891-இல் கத்தி வாங்கினார்கள். அத்தனை கத்தியைச் செய்து தரும் வசதி அப்போது சுவிட்சர்லாந்தில் எந்தப் பட்டறைக்கும் இல்லாததால், முதல் 15,000 கத்திகளை ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து நிறுவனம்தான் செய்து கொடுத்தது. அதாவது உலகப் புகழ் சுவிஸ் கத்தி பிறந்ததே ஜாப் ஒர்க்கில். அம்பத்தூர் எஸ்டேட்டில் பில் பாஸாகக் காத்திருக்கும் சிறு முதலாளிகள் இந்த ஒரு தகவலுக்காகவாவது நெஞ்சை நிமிர்த்தலாம். பிறகு இபாக் என்ற ஊரில் பட்டறை வைத்திருந்த கார்ல் எல்சனர் அந்த ஆர்டரைப் பிடித்தார். 1897-இல் அதிகாரிகளுக்கென்று இன்னொரு கத்தி செய்து பதிவும் செய்துகொண்டார். தக்கைத் திருகி சேர்ந்தது அதில்தான். சிப்பாய்க்குத் தகரடப்பா, அதிகாரிக்கு ஒயின். ராணுவம் எங்கேயும் ராணுவம்தான்.

குறடு வைத்த வகைக்கு மூலபுருஷர் டிம் லெதர்மன் என்ற அமெரிக்கர். 1975-இல் ஒரு பழைய ஃபியட் காரை வாங்கிக்கொண்டு மனைவியோடு ஊர் சுற்றப் போனார். கார் மக்கர் செய்தது. தங்கிய விடுதிகளில் குழாய் ஒழுகியது. கையிலிருந்த சாரணர் கத்தியில் எல்லாம் இருந்தது, குறடு மட்டும் இல்லை. ஊர் திரும்பி, குறட்டைக் கத்திக்குள் மடக்கும் வழியைத் தேட ஆரம்பித்தார். வடிவம் தேறி, வாங்க ஆள் கிடைத்து, விற்பனை தொடங்கும்போது 1983 ஆகிவிட்டது. அந்த ஃபியட் மட்டும் அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் நின்றிருந்தால், எதிர்ப் பட்டறையிலிருந்து ஒருவர் பீடியை அணைக்காமலே வந்து கட்டிங் பிளேயரை நீட்டியிருப்பார். வேலை முடிந்திருக்கும். உலகத்துக்கு மல்டி டூல் கிடைக்காமலே போயிருக்கும்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. அதற்கும் முன்பே, 1950-களின் தொடக்கத்திலிருந்து இங்கே ஹெர்குலிஸ் சைக்கிள் செய்தார்கள். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கு 1965-இல் உருண்டு வெளியே வந்தது. பத்து வீட்டுக்கு ஒரு ஃபிட்டர், இருபது வீட்டுக்கு ஒரு டர்னர், தெருவுக்கு ஒரு வெல்டர் இருக்கிற ஊர் இது. இங்கே பையில் கருவி வைத்துக்கொண்டு நடப்பது திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோகிற காரியம். அதைச் சங்கோஜமில்லாமல் செய்வதற்குத்தான் வழிகாட்டி தேவைப்படுகிறது.

பேன்ட்டின் முன்பாக்கெட்டில் ஆரம்பிப்போம். அங்கே ஏற்கெனவே போன், வண்டிச் சாவி, வீட்டுச் சாவி, கைக்குட்டை, எந்தக் கடைக்காரரும் வாங்க மறுக்கிற பத்து ரூபாய் நாணயம் ஆகியவை குடியிருக்கின்றன. கத்தி அவற்றோடு சேர்ந்தால் முதலில் போனின் கண்ணாடியைக் கீறும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கல்யாணப் பந்தியில் நாற்காலி போடாமல் பாய் விரித்துவிட்டார்கள் என்று வையுங்கள். சம்மணம் போட்டதும் கத்தி தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே குறுக்கே நிற்கும். சாம்பாரிலிருந்து மோர் வரைக்கும் நீங்கள் நெளிவதைப் பார்த்து, பரிமாறுகிறவர் உங்களுக்கு மட்டும் வேறு காரணம் நினைத்துக்கொள்வார். இந்தியக் கழிப்பறையில் குந்தும்போது என்ன ஆகும் என்பதை விவரிக்கப் போவதில்லை. ஒரு விதி மட்டும் சொல்கிறேன்: உள்ளே போகுமுன் கத்தியை வெளியே எடுத்து ஜன்னல் மேல் வையுங்கள். திரும்பும்போது எடுக்க மறப்பீர்கள். ஆனாலும் ஜன்னலிலிருந்து மீட்பது எளிது.

பின்பாக்கெட் பர்சுக்கு. கத்தியையும் அங்கே வைத்துக்கொண்டு பிராட்வேயிலிருந்து பூந்தமல்லி வரை 54-ஆம் நம்பர் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தால், இறங்கும்போது ஒரு பக்கமாகத்தான் நடக்க முடியும்.

சட்டைப்பையைப் பலரும் விரும்புகிறார்கள். எடுக்க வசதி, நாலு பேர் கண்ணிலும் படும். எடையை மட்டும் மறந்துவிடுகிறார்கள். லெதர்மன் வேவ் என்ற மாடல் 241 கிராம். ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டில் கிட்டத்தட்டப் பாதி. அதை நெஞ்சில் தொங்கவிட்டால் சட்டையின் இடது தோள் இறங்கி, வலது காலர் காதை நோக்கி ஏறும். லாரித் தண்ணீர் வந்திருக்கிறது என்று சம்ப் மூடியைத் திறந்து குனிகிற அந்தக் கணத்தில் கத்தி பையைவிட்டு விடைபெறும். ஆறடி ஆழ சம்ப்பில் விழுந்த கத்தியை எடுக்க, சம்ப்பைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் அடுத்த லாரி புக் பண்ண வேண்டும். சுவிஸ் ராணுவம் இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பெல்ட்டில் உறை மாட்டுவது கம்பெனியே சொல்லும் முறை. செய்யலாம். தெருவில் இரண்டு வகைக் கேள்வி வரும் என்பதை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். வயதானவர்கள், "இன்னமும் அந்த பழைய போன்தான் வெச்சிருக்கியாப்பா?" என்று பரிதாபப்படுவார்கள். இளவட்டங்கள், "சர்வேக்கு வந்திருக்கீங்களா சார்? எங்க தெரு பாதாள சாக்கடை எப்ப முடியும்?" என்பார்கள். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல முயல வேண்டாம்.

உடம்பில் கருவி வைத்துக்கொள்ளும் கலையில் நம் பாட்டன்மார் எங்கேயோ போய்விட்டார்கள் என்பது என் கட்சி. சட்டையே போடாத மனிதனுக்குப் பாக்கெட் ஏது? ஆனாலும் அவன் வெறுங்கையாக அலையவில்லை. வெற்றிலைப் பையில் பாக்குவெட்டி. முள்வாங்கியும் காதுக் குறும்பி எடுப்பதும் ஒரே வளையத்தில் கோத்தது இன்னொன்று. இரும்புப் பெட்டியின் சாவி அரைஞாண் கயிற்றில். அந்தச் சாவி குளிக்கும்போதும் தூங்கும்போதும் அங்கேயே இருந்தது; பெட்டியைத் திறக்கிற உரிமை யாருக்கு என்ற வழக்கும் வீட்டில் எழவில்லை. அதற்கு மேல் உடுத்திய பட்டாபட்டி டிராயரில் ஒரு நல்ல ஆழமான பை வேறு. பேன்ட்டுக்குள் பட்டாபட்டி போடுகிற துணிச்சல் உள்ளவர்களுக்கு இன்றைக்கும் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. எடுக்கும்போது மட்டும் சற்று ஒதுக்குப்புறமாகப் போய் எடுக்க வேண்டும். அவசரத்துக்கு உதவாது என்பதுதான் அதன் ஒரே குறை. அவசரத்துக்கு உதவத்தானே கத்தி என்று கேட்பவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

அரைஞாணில் 58 மில்லிமீட்டர் சின்னக் கத்தியைக் கோத்துப் பார்க்கலாம். எடை தெரியாது. ஆனால் கம்பெனி கேட்டில் மெட்டல் டிடெக்டர் இடுப்பருகே கீச்சென்று கத்தும்போது, சட்டையைத் தூக்கிக் காட்டுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவெடுத்துக்கொள்ள வேண்டும்.

கேட் என்றதும் நின்று பேச வேண்டியிருக்கிறது. தொழிற்பேட்டைப் பக்கத்தில் கத்தியோடு உள்ளே போவது பெரிய விஷயமில்லை. வெளியே வருவதுதான் விஷயம். பி ஷிப்ட் விட்டு வெளியே வருகிறீர்கள். செக்யூரிட்டி இடுப்பைத் தட்டுகிறார்.

"என்ன சார் இது?"

"மல்டி டூல்ங்க."

"எந்த டிபார்ட்மென்ட் டூலு?"

"என்னோடதுங்க. சொந்தம்."

"சொந்தம்னா உள்ள வரும்போது என்ட்ரி போட்டிருக்கணுமே சார்."

அவர் சொல்வதில் தப்பே இல்லை. மேல்நாட்டுப் பொருள், பளபளப்பு, கம்பெனி ஸ்டோரில் இருக்கக்கூடியது. ஆகவே மறுநாளிலிருந்து முறைப்படி நடந்துகொள்ளுங்கள். காலையில் இன்வர்ட் ரிஜிஸ்டரில் எழுதி, ரிட்டர்னபிள் கேட் பாஸ் வாங்குங்கள். பொருளின் பெயர்: கத்தி. எண்ணிக்கை: 1. கொண்டுவந்தவர்: நீங்கள். திருப்பி எடுத்துச் செல்பவர்: நீங்கள். அடுத்த கட்டத்தில் 'கொண்டுவரும் நோக்கம்' என்று இருக்கும். அங்கே என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்கும்போதுதான், பின்னால் வரிசையில் ஒரு லாரி டிரைவர் ஹாரன் அடிக்கிற வேளையில்தான், வாழ்க்கையில் முதல்முறையாக இந்தக் கத்தி எதற்கு என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்வீர்கள். 'பொது உபயோகம்' என்று எழுதிவிட்டு நகருங்கள்.

போலீஸ் விஷயத்துக்கு வருவோம். ஆயுத விதிகள் 2016 சொல்கிறபடி, உரிமம் கேட்கிற கூர்க்கருவி என்றால் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்க வேண்டும். வீடு, விவசாயம், தொழிற்சாலை வேலைகளுக்கென்று செய்தவை அதில் சேராது. மைத்துனர் கொடுத்த கத்தியின் மொத்த நீளமே மடக்கினால் 91 மில்லிமீட்டர், நாலு அங்குலம்கூட இல்லை. சட்டப்படி நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் சட்டம் ஒரு பக்கம், வட்டாரத்தின் பெயர் ஒரு பக்கம். 2018 பிப்ரவரியில் பூந்தமல்லியை அடுத்த மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழாவைப் போலீஸ் வளைத்து, ஒரே ராத்திரியில் 70 பேருக்கு மேல் பிடித்தது. பட்டாக்கத்தியால் கேக் வெட்டுகிற படம் ஊரெல்லாம் சுற்றியது. அதிலிருந்து எங்கள் பக்கத்தில் கத்தி என்றதும் கேக்கும் சேர்ந்தே ஞாபகம் வருகிறது. 2022 ஜனவரி 1 முதல் ஆவடிக்கென்று தனி போலீஸ் கமிஷனரகமும் வந்துவிட்டது. ராத்திரி பதினொரு மணி வாகனச் சோதனையில் ஒரு இளம் கான்ஸ்டபிளிடம் விதிகளின் அட்டவணையை ஒப்பிக்கத் தேவையில்லை. கத்தியை வெளியே எடுங்கள். முதலில் கத்தரிக்கோலை விரியுங்கள். பிறகு பல் குத்தும் குச்சி. பிறகு முள்வாங்கி. அதற்குள் அவருக்கு அலுத்துப்போய், "சரி கிளம்புங்க" என்பார். கத்தி அலகைக் கடைசி வரை திறக்க வேண்டாம். பிறந்தநாள் விழாவுக்குப் போகிறவர்கள் அன்று ஒரு நாள் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம்.

விமானத்தில் கைப்பையில் இதற்கு இடமில்லை. பெட்டியில் போட்டு உள்ளே அனுப்பிவிட வேண்டும். மீனம்பாக்கம் போகிற வழியிலேயே ஞாபகம் வந்துவிட்டால் பாக்கியசாலி. மால், சினிமா, நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான், வளர்த்தவில்லை.

சரி, ஒருவழியாகக் கத்தி உங்களிடம் இருக்கிறது, யாரும் பிடுங்கவில்லை. அது என்ன வேலை செய்யும்? வாசலில் கூரியர் பார்சல் வந்தால் டேப் அறுக்கும். சிலிண்டர் மூடியின் நைலான் கயிறு கைக்கு வராமல் சதி செய்யும்போது அதைத் துண்டிக்கும். ஆவின் பாக்கெட்டின் மூலையைப் பாதி மட்டும் வெட்டும். முழுசாக வெட்டினால் அந்தத் துணுக்கு சாக்கடைக்குத்தான் போய்ச் சேரும். நம்பர் பிளேட்டின் திருகாணியை முடுக்கும். இவ்வளவும் கத்திக்குப் பெருமை சேர்ப்பவை.

மற்ற அலகுகளிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பாட்டில் திறப்பானை எடுத்துக்கொண்டு கோலி சோடா முன்னால் போய் நின்றால் அவமானம். 1872-இல் ஹிரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த அந்தப் பாட்டில் உள்ளே அமுக்கினால் திறக்கும், நெம்பினால் திறக்காது. தக்கைத் திருகிக்கு ஒயின் வேண்டும். தக்கை வைத்த ஒயினை நம் ஊரில் தேடி அலைந்தவர்கள் மூடி திருகும் பாட்டிலோடு திரும்பியிருக்கிறார்கள். அரிசி மூட்டையில் இறுகிப்போன முடிச்சை அவிழ்க்க அந்தத் திருகி அருமையானது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மீன் செதில் சுரண்டியும் சில மாடல்களில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் அதை விரித்து ஒரு கிலோ சங்கராவைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தால், எதிரே அரிவாள்மனையில் உட்கார்ந்திருக்கிற அம்மா, தன் கையிலிருக்கும் மீனை முடித்து, அடுத்த வாடிக்கையாளருடையதை முடித்து, உங்களுடையதையும் வாங்கி முடித்துக் கொடுத்துவிட்டு, "இன்னாப்பா அது, பொம்மையா?" என்பார்.

2000-களில் வெங்கர் என்ற இன்னொரு சுவிஸ் கம்பெனி 87 கருவிகள் வைத்து, 141 வேலைகள் செய்யும் என்று ஒரு கத்தி செய்து கின்னஸில் ஏறியது. அது எந்தப் பாக்கெட்டிலும் நுழையாது. ஆகவே இந்தக் கையேட்டின் எல்லைக்கு வெளியே.

இரவல் கொடுக்கும் முறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கத்தி வைத்திருப்பவன் என்று பெயர் பரவியதும் கேட்பார்கள். அதுதானே, உள்ளுக்குள், நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு திரிவதற்குக் காரணமும்? டேப் அறுக்கக் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். கையில் கொடுக்காதீர்கள். நம் வீடுகளில் கத்தி, கத்தரிக்கோலைக் கைமாற்றினால் சண்டை வரும் என்பார்கள். கீழே வைக்க வேண்டும், அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே வைத்த பொருளை எடுத்தவர் திருப்பியும் கீழேயே வைப்பார், ஆனால் வேறு எங்கோ கீழே. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும். பல் குத்தும் குச்சியை மட்டும் கடனாகக் கொடுக்க வேண்டாம். கேட்டவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும், குச்சி தொலைந்துபோயிற்று என்று சொல்லிவிடுங்கள். முதலில் தொலைவது எப்போதும் அதுதான் என்பதால் நம்புவார்கள்.

பராமரிப்பு. பாக்கெட்டில் கிடக்கிற கத்தியின் மடிப்புகளில் நூல் துணுக்கு, விபூதி, பஸ் டிக்கெட்டின் மிச்சம், வேர்க்கடலைத் தோல் எல்லாம் சேரும். வெந்நீரில் அலசி, காயவைத்து, கீல்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளானால் பிசுபிசுத்து, மார்கழியில் உறைந்து, அலகு வெளியே வர மறுக்கும். தெருவில் சைக்கிளை நிறுத்திப் பெடலை மிதித்துச் சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கிற ஆசையும் வரலாம். அரிவாள்மனைக்கு அவர் தெய்வம். பொறி பறக்க நாலு இழுப்பு இழுப்பார், அலகில் பாதி காற்றில் போய்விடும், மீதி பாதி உண்மையிலேயே கூர்மையாக இருக்கும்.

இனி, நான் முன்னால் தொட்டுவிட்டு விட்ட இடத்துக்கு வருகிறேன். எங்கே வைப்பது என்று நாம் தவிக்கிறோம். தெருவில் மெய்யாகவே கருவி தேவைப்படுகிறவர்கள் தவிப்பதில்லை. எலக்ட்ரீஷியனைப் பாருங்கள். சட்டைப்பையில், பேனா இருக்க வேண்டிய இடத்தில், கிளிப் போட்ட டெஸ்டர். கண்ணாடிப் பிடிக்குள் சின்ன நியான் விளக்கு. கரன்ட் பார்ப்பது அதன் உத்தியோகம். அதுபோக ஸ்விட்ச் பாக்ஸ் திருகாணியைக் கழற்றும், பெயின்ட் டின் மூடியை நெம்பும், சுவரில் ஆணி போட இடம் குறிக்கும், டீக்கடையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கிழிக்கும். ஒரே ஓர் அலகு. மடக்க ஒன்றுமில்லை. எடையே தெரியாது. கேட்டில் எந்தச் செக்யூரிட்டியும் கேள்வி கேட்பதில்லை.

டூல் ரூம் ஆட்களிடம் இன்னொன்று இருக்கும். உடைந்த ஹேக்சா பிளேடை வீணாக்காமல் கிரைண்டரில் கொடுத்துத் தீட்டி, பிடிக்கு சைக்கிள் ட்யூபையோ இன்சுலேஷன் டேப்பையோ சுற்றியது. பவர் ஹேக்சா பிளேடாக இருந்தால் இன்னும் விசேஷம். கூர் சீக்கிரம் மழுங்காது. பார்க்க அழகில்லை. மதிய இடைவேளையில் மாங்காய் நறுக்கும், கேஸ்கட் ஷீட் அறுக்கும், பென்சில் சீவும். தொலைந்தால் யாரும் அழுவதில்லை, அடுத்த பிளேடு எப்படியும் உடையும். அதை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவதுமில்லை. மெஷினுக்குப் பின்னால், காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வைக்கிற இடம் பற்றிய என் ஆராய்ச்சி முழுவதையும் அந்தக் காந்தம் ஒரு நொடியில் முடித்துவிடுகிறது.

எல்லாரையும் மிஞ்சியவர்கள் பெண்கள். தாலிச் சங்கிலியில் மூன்று நான்கு ஊக்குகள், வளையலில் ஒன்று. காலில் குத்திய முள்ளை எடுப்பது அது. செருப்பு வார் அறுந்தால் நடுரோட்டில் வைத்துத் தைப்பது அது. பிள்ளையின் ஸ்கூல் பை ஜிப் விட்டுப்போனால், பாவாடை நாடா உள்ளே போய்விட்டால், டியூப் மூடியில் துளை போட வேண்டுமென்றால், காஸ் அடுப்பின் பர்னர் அடைத்துக்கொண்டால், எல்லாவற்றுக்கும் அதுதான். லோக்கலில் கூட்டத்தை நம்பி இடிக்க வருகிறவனுக்கும் அதுதான். லெதர்மன் எட்டு வருஷம் தேடிய பதிலை, எந்த ஒரு காப்புரிமையும் இல்லாமல், கழுத்தில் போட்டுக்கொண்டு ஆவடியிலிருந்து வேலைக்குப் போய்வருகிறார்கள்.

ஆயுத பூஜையன்று உங்கள் கத்திக்கும் மரியாதை உண்டு. முந்தின நாளே எல்லா அலகையும் துடைத்து, விரித்து, ஸ்பேனர், திருப்புளி, அரிவாள்மனையோடு பலகையில் வையுங்கள். தக்கைத் திருகிக்கும் ஒரு சந்தனப் பொட்டு. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது என்பதால், எலுமிச்சம்பழம் வெட்ட வீட்டில் கத்தியே இருக்காது. பக்கத்து வீட்டிலும் எல்லாம் பூஜையில்தான். டூல் ரூம் நண்பரிடம் கேட்டு, இன்னும் தீட்டாத ஒரு பிளேடை வாங்கி வந்து வெட்டுகிற வீடுகள் எங்கள் தெருவில் உண்டு.

கடைசியாக, தையற்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. நெஞ்சில் பை, தொடையில் பை, மூடி போட்ட பை, பித்தான் வைத்த பை என்று அத்தனையும் தைக்கத் தெரிந்த கைகள் நம் ஊரில் இருக்கின்றன. அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டில், திருமுல்லைவாயிலில், பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மெஷின் போட்டிருக்கிற அண்ணன்மார்களே, ஆண்களின் பேன்ட்டில் பெல்ட்டுக்குக் கீழே முன்பெல்லாம் வைத்துத் தைத்த அந்தச் சின்ன வாட்ச் பாக்கெட்டைத் தயவுசெய்து திரும்பக் கொண்டுவாருங்கள். 58 மில்லிமீட்டர் கத்திக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சுடிதார் தைக்க வரும் பெண்களிடம் "பாக்கெட் வெச்சா ஷேப் போயிடும்மா" என்று சொல்வதையும் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும், கை முழுசாக நுழைகிற ஆழத்தில், வையுங்கள். கூலி இருபது முப்பது கூட ஆனாலும் கொடுப்பார்கள்.